‘ஆன் மண்டே அட் தி எர்லியஸ்ட்’ என்று எழுதினால் திங்களுக்குள்ளா, திங்களுக்குப் பிறகா?

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி அலுவலகத்தில், ஆடை வாங்கும் வெளிநாட்டு பையர்களுக்குப் போகும் மெயில்கள் என் பொறுப்பு. இந்த ஒரு சொற்றொடர் படுத்திய பாட்டை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

பையர் கேட்ட நிறத்தில் சின்னத் துணித்துண்டுகளுக்குச் சாயமேற்றி, ஏ, பி, சி என்று குறித்து அட்டையில் ஒட்டி கூரியரில் அனுப்புவோம். இதுதான் லேப் டிப். அவர்கள் நிறம் பார்க்கும் விளக்குப் பெட்டியான லைட் பாக்ஸில் வைத்துப் பார்த்து ஒன்றை ஓகே செய்தால்தான் மொத்தத் துணியும் சாயப்பட்டறைக்குப் போகும். ஆர்டர்களைக் கவனிக்கும் எங்கள் மெர்ச்சண்டைசர் தம்பி இங்கிலாந்து பையருக்கு, ‘ப்ளீஸ் சென்ட் தி அப்ரூவல் ஆன் மண்டே அட் தி எர்லியஸ்ட்’ என்று எழுதியிருந்தார். திங்கள் போனது, செவ்வாயும் போனது, பதில் இல்லை. புதன்கிழமை போன் செய்தால், “திங்களுக்கு முன்னால் வேண்டாம் என்றுதானே எழுதியிருந்தீர்கள்? அவசரமில்லை என்று விட்டுவிட்டேன்” என்கிறார் அந்த அம்மா. அதற்குள் பட்டறையில் எங்களுக்கு ஒதுக்கிய மெஷினில் வேறு யாருடைய துணியோ ஓடிக்கொண்டிருந்தது.

“சீக்கிரமா அனுப்புங்கன்னுதானுங்க்கா எழுதினேன்” என்றார் தம்பி. பாவம், அவரைக் குறை சொல்ல முடியாது. ‘கைண்ட்லி டூ தி நீட்ஃபுல் அட் தி எர்லியஸ்ட்’ என்று முடியும் கடிதங்களைப் பார்த்துத்தானே நாம் எல்லோரும் எழுதப் பழகினோம்? இந்தியாவுக்குள் அது ‘கூடிய சீக்கிரம்’. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அது ஒரு நாளையோ நேரத்தையோ ஒட்டி வரும்; ‘அதற்கு முன்னால் இல்லை’ என்று பொருள்படும். கெடு வைக்க ‘பை மண்டே’ போதும். அழுத்திச் சொல்ல வேண்டுமா, ‘பை மண்டே அட் தி லேட்டஸ்ட்’.

எதிர்ப்பக்கமும் இடிக்கும். லண்டனிலிருந்து திரும்பவிருந்த என் அக்கா மகள், சென்னையில் கிடைத்த வேலைக்கு ‘ஐ கேன் ஜாயின் ஆன் 15 ஜூன் அட் தி எர்லியஸ்ட்’ என்று எழுதினாள். 15-க்கு முன்னால் முடியாது என்று சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். அவர்களோ 15-ஆம் தேதி வந்துவிடுவாள் என்று ஐடி கார்டே அடித்து வைத்துவிட்டார்கள். அங்கே நோட்டீஸ் பீரியடே முடியவில்லை!

கை பழகிவிட்டது, விட முடியவில்லை என்பவர்கள் பின்னால் ‘ஆப்பர்ச்சூனிட்டி’ சேர்த்துக்கொள்ளுங்கள். ‘அட் தி எர்லியஸ்ட் ஆப்பர்ச்சூனிட்டி’ எல்லா ஊரிலும் ‘முடிந்தவரை சீக்கிரம்’தான். ‘அட் யுவர் எர்லியஸ்ட் கன்வீனியன்ஸ்’ மரியாதையாக இருக்கும், ஆனால் கெடுவுக்கு ஆகாது. எங்கள் அலுவலகத்தில் இப்போது கிழமை, தேதி, மணி, யாருடைய நேரப்படி என்பது வரை எழுதித்தான் அனுப்புகிறோம்.