முகப்பில் ஆபீஸ், வளவில் குடும்பம்

2021-இல் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று சொன்னதும் சென்னை அறையைக் காலி செய்துவிட்டுச் செட்டிநாட்டில் எங்கள் ஊரான பள்ளத்தூருக்கு வந்துவிட்டேன். வாடகை மிச்சம், மூன்று வேளையும் ஆத்தா சமையல். வேறென்ன வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

முதலில் இடக்குப் பண்ணியது வீடுதான். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். இணைய இணைப்பை முகப்பில் கொடுத்தார்கள். அந்தச் சுண்ணாம்புச் சுவர் தடிமனுக்கு வைஃபை வளவோடு, அதாவது நடு முற்றத்தோடு, நின்றுவிட்டது. சரி, முகப்பிலேயே உட்காருவோம் என்றால் போகிற வருகிறவர்கள் எல்லாம் "எப்ப வந்தீக? எத்தனை நாள் லீவு?" லீவு இல்லை, வேலை பார்க்கிறேன் என்றால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். வேலை போய்விட்டது என்றே இரண்டு பேர் முடிவு கட்டிவிட்டார்கள். பெண் பார்க்கிற பேச்சு கொஞ்ச நாள் அடங்கிக் கிடந்தது அதனால்தான் என்று இப்போது தோன்றுகிறது.

வீட்டிலும் "சும்மாதானே இருக்கே, கேஸ் வந்திருக்கு, எறக்கி வச்சுட்டு வா" கதைதான். கடைசியில் ஓர் ஏற்பாடு: கதவு வளையத்தில் சிவப்புத் துண்டு தொங்கினால் மீட்டிங், யாரும் கூப்பிடக் கூடாது.

நகரத்தார் வீடுகளில் கொண்டாடும் பிள்ளையார் நோன்பு அன்று துண்டும் தோற்றது. திருக்கார்த்திகையிலிருந்து 21-ஆம் நாள். சாயங்காலம் எல்லாரும் கூடி இழை எடுக்க வேண்டும். எனக்கு 7 மணிக்கு அமெரிக்கக் கிளையண்டோடு தினசரி கால். இழை எடுக்காமல் விடவும் மனசில்லை. மைக்கை அணைத்தேன், லேப்டாப்போடு வளவு ஓரம் வரை வந்தேன். இழை என்றால் கோடி வேட்டியில் உருவிய 21 நூல் திரி, இனிப்பு மாவில் எரிகிறது. அப்பச்சி (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) நீட்ட, சுடரோடு வாயில் போட்டு விழுங்கினேன். கேமராவை அணைக்கவில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. மேனேஜரிடமிருந்து மெசேஜ்: "இப்ப நெருப்பையா முழுங்கினீங்க?" அடுத்த பத்து நிமிடம் கால் முழுக்க நோன்பு விளக்கம்தான். ப்ராஜெக்ட் பக்கம் யாரும் போகவே இல்லை.

ஆனால் அன்று ராத்திரி அப்பத்தா சொன்னதுதான் இன்னும் குத்துகிறது. அவுக அப்பச்சி பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்யப் போனவர். போனால் திரும்ப மூன்று வருஷம். "வந்து இறங்கினா ஊர்ல இருக்கிற வரைக்கும் எங்களோடதான் இருப்பாக. நீ முகப்புலயே இருக்கே, ஒன்னைப் பார்க்கத் துண்டைப் பார்க்க வேண்டியிருக்கு." பதில் சொல்லத் தெரியவில்லை. மறுநாளிலிருந்து மதியம் 1 முதல் 2 வரை போனை முகப்பிலேயே வைத்துவிட்டு வீட்டின் உள்பக்கம் இரண்டாம் கட்டுக்குப் போய் எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிட்டேன். அங்கேதான் வைஃபை வராதே, நல்லதாய்ப் போயிற்று.

நண்பர்கள் விஷயத்தில்தான் ஏமாந்தேன். ஊருக்கு வந்தால் எல்லாரும் இருப்பார்கள் என்று நினைத்தேன். அவர்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். கல்லுக்கட்டி டீக்கடையில் பல நாள் தனியாகத்தான் நின்றேன்.

இப்போது வாரம் இரண்டு நாள் ஆபீஸ் வந்தே ஆக வேண்டும் என்கிறார்கள். ஞாயிறு ராத்திரி காரைக்குடியில் ரயில் ஏறினால் காலையில் எழும்பூர். செவ்வாய் ராத்திரி திரும்ப ஏறிவிடுவேன். உடம்புக்கு அலைச்சல்தான், ஆனால் சென்னை சிநேகிதர்களையும் பார்த்துவிடலாம்.

போன புதன்கிழமை வந்து பார்த்தால் துண்டைக் காணோம். அப்பத்தா அறைக் கதவில் தொங்குகிறது. உள்ளே சீரியல் ஓடிக்கொண்டிருந்தது.