115, 410 ரெண்டு கேபும் சேர்த்து போட்டா பேஸே கேக்கல, அவசரம்!!

வண்ணை பேஸ்:
எல்லாருக்கும் வணக்கம். நான் பேஸ் கிடார் வாசிக்கறவன். பெரம்பூர்ல ஒருத்தர்கிட்ட செகண்ட் ஹேண்ட்ல 410 கேப் (பத்து இஞ்ச் ஸ்பீக்கர் நாலு இருக்கற பெட்டி) எடுத்தேன். ஏற்கனவே 115 (பதினஞ்சு இஞ்ச் ஒண்ணு) இருக்கு. ரெண்டையும் ஒண்ணா போட்டா மேளம் மாதிரி அதிரும்னு பாத்தா, லோ நோட்டுங்க எல்லாம் மாயமா போயிடுது. விரல் சத்தம்தான் கேக்குது. ஞாயித்துக்கிழமை ராயபுரத்துல ப்ரோகிராம். புது கேப் டம்மியா? காசு போச்சா? யாராவது சீக்கிரம் சொல்லுங்கப்பா.

ஓம் சக்தி:
ஹெட் (ஆம்ப்) என்ன? ரெண்டு கேபும் எத்தனை ஓம் (மின்தடை)? 8-ம் 8-ம் சேர்ந்தா 4. 8-ம் 4-ம் சேர்ந்தா 2.67. 4-ம் 4-ம் சேர்ந்தா 2. பாதிக்கு மேல ஹெட்டுங்களுக்கு 4 தான் கடைசி. அதுக்குக் கீழ போனா சூடாகி ப்ரொடெக்‌ஷன்ல படுத்துக்கும், இல்ல அவுட்புட்டே போயிடும். முதல்ல இந்த நம்பரைச் சொல்லு, அதுவரை ஆன் பண்ணாத.

கொருக்குப்பேட்டை கரண்ட்:
எந்த நேரத்துல வாசிச்சீங்க? ராத்திரி தெரு முழுக்க ஏசி ஓடும்போதா? 230 வரவேண்டிய எடத்துல 190 வந்தா ஹெட்டுக்கு மூச்சு இருக்காது, முதல்ல அடிபடறது லோ தான். 1 கேவிஏ ஸ்டெபிலைசர் போட்டுப் பாருங்க.

பழைய கை:
ஹெட் பேர் இல்ல, ஓம் இல்ல, எந்த வயர்ல மாட்டியிருக்குன்னு இல்ல. டாக்டர்கிட்ட போய் "வலிக்குது"ன்னு மட்டும் சொல்ற கேஸ். 115-ஐயும் 410-ஐயும் கலக்கக் கூடாதுன்னு இங்க எத்தனை தடவை எழுதியாச்சு? தேடிப் படிக்கறதுக்கு யாருக்கும் பொறுமை கிடையாது.

எருக்கஞ்சேரி எஞ்சின்:
தம்பி, மூணு கேள்வி. ஒண்ணு, 115 தனியா போட்டா லோ இருக்கா? ரெண்டு, 410 தனியா போட்டா லோ இருக்கா? மூணு, ஹெட்டுலேர்ந்து ஒவ்வொரு கேபுக்கும் எந்த வயர் போகுது, ரெண்டு முனையிலயும் என்ன பின்? பதிலைப் பொறுத்துதான் மத்தது.

வண்ணை பேஸ்:
சாரி, அவசரத்துல விட்டுட்டேன். ஹெட் மார்க்பேஸ் லிட்டில் மார்க் 3. 115 8 ஓம், ஸ்டிக்கர் இருக்கு. 410-ல ஸ்டிக்கர் கிழிஞ்சிருக்கு, வித்தவர் 8-னு சொன்னார். தனித்தனியா போட்டா ரெண்டும் சூப்பரா இருக்கு!! அதான் புரியல. கீழ 115, மேல 410.

ஓம் சக்தி:
அந்த ஹெட் 4 ஓமுக்கு 500 வாட், 8 ஓமுக்கு 300. ரெண்டும் நிஜமாவே 8-ஆ இருந்தா பிரச்சனை இல்ல. ஆனா "வித்தவர் சொன்னார்"ங்கறது கணக்குல வராது. ஹெட்டுலேர்ந்து வயரைக் கழட்டிட்டு, கேபுக்குப் போற வயரோட முனையில மல்டிமீட்டரை 200 ஓம் ரேஞ்சுல வெச்சுப் பாரு. 8 ஓம் கேப்னா ஏறக்குறைய 5.5-லேர்ந்து 7 வரைக்கும் காட்டும். 3-ஐ ஒட்டி வந்தா அது 4 ஓம். 2-க்குக் கீழ வந்தா உள்ள யாரோ டிரைவரை (பெட்டிக்குள்ள இருக்கற ஸ்பீக்கரை) மாத்தி நாலையும் பேரலல்ல கட்டியிருக்காங்க. 8 ஓம் டிரைவர் நாலு இருந்தா ரெண்டு ரெண்டா சீரிஸ் கட்டி அதைப் பேரலல் பண்ணணும், அப்பதான் திரும்ப 8 வரும்.

கொருக்குப்பேட்டை கரண்ட்:
ரெண்டு கேப் போட்டா இழுக்கற கரண்டும் கூடும்ல? தனியா போடும்போது நல்லா இருக்கும், சேர்த்தா வோல்டேஜ் இறங்கும். நான் சொன்னது இன்னும் செல்லும்.

எருக்கஞ்சேரி எஞ்சின்:
கரண்ட் அண்ணா, வோல்டேஜ் இறங்கினா சவுண்டு சீக்கிரம் உடையும், இல்ல ஹெட் அணைஞ்சுபோகும். மேல் சத்தம் அப்படியே நின்னு லோ மட்டும் காணாம போறதுக்கு வோல்டேஜ் காரணமில்ல. தனித்தனியா நல்லாருக்கு, சேர்ந்தா லோ மட்டும் செத்துடுதுன்னா முதல்ல சந்தேகப்பட வேண்டியது போலாரிட்டி, அதாவது பிளஸ் மைனஸ் மாறியிருக்கறது. ஒரு கேப் வெளிய தள்ளும்போது இன்னொண்ணு உள்ள இழுக்குது. லோ ஒண்ணை ஒண்ணு அழிச்சுக்கும், மேல் அலைவரிசை அந்த அளவுக்கு அழியாது. விரல் சத்தம் மட்டும் மிஞ்சறது அதனாலதான். தம்பி, வயரைப் பத்தி இன்னும் சொல்லல.

வியாசர்பாடி வூஃபர்:
ரூம் என்ன சைஸ்? சுவத்தை ஒட்டி வெச்சிருந்தா சில எடத்துல நின்னா லோ கேக்கவே கேக்காது. கேபை ரெண்டடி முன்னாடி தள்ளிட்டு, நீயும் எடம் மாறி நின்னு கேளு.

எருக்கஞ்சேரி எஞ்சின்:
ரூம் பிரச்சனைன்னா தனியா போட்டாலும் அதே எடத்துல செத்திருக்கும். தவிர, லோ ஈ 41 ஹெர்ட்ஸ், அலை நீளம் 8 மீட்டருக்கு மேல. ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கின கேபுக்கு நடுவுல ரெண்டடி வித்தியாசம், அந்த தூரத்துக்கு 41 ஹெர்ட்ஸ் அழியாது. வயர் மாறியிருந்தாத்தான் அழியும்.

வண்ணை பேஸ்:
115-க்கு ஹெட்டோட ஜாக் அவுட்லேர்ந்து ஜாக் டு ஜாக், ஸ்பீக்கர் வயர்தான், முன்னாடிலேர்ந்து இருக்கு. 410-க்கு ஸ்பீக்கான் (திருகி மாட்டற ஸ்பீக்கர் பிளக்) டு ஜாக் ஒண்ணு வேணும்னு ரிச்சி தெருல ஒரு கடையில செஞ்சு வாங்கினேன். 410 பின்னாடி ரெண்டு ஜாக் இருக்கு, ஒண்ணு சும்மா இருக்கு.

எருக்கஞ்சேரி எஞ்சின்:
புதுசா செஞ்ச வயர். என் பந்தயம் அதுமேலதான், ஆனா 410 உள்ளயும் திருப்பிக் கட்டியிருக்கலாம், அதனால ரெண்டையும் பிரிச்சுப் பாக்கணும். 9 வோல்ட் பேட்டரி ஒண்ணு, டார்ச் ஒண்ணு எடுத்துக்கோ.

ஹெட்டை ஆஃப் பண்ணி, ரெண்டு வயரையும் ஹெட்டுலேர்ந்து முழுசா உருவிடு. ஹெட் மாட்டியிருக்கும்போது பேட்டரி வைக்கவே கூடாது. முதல்ல 115. அதோட வயர் முனையில டிப்புல (ஜாக்கோட நுனி) பேட்டரி பிளஸ், ஸ்லீவ்ல (ஜாக்கோட தண்டு) மைனஸ், ஒரு நொடி தொட்டு எடுத்துடு. கோன் (ஸ்பீக்கரோட கூம்பு) வெளிய வரணும். அப்புறம் 410: ஸ்பீக்கான் வயரைக் கழட்டிட்டு, சும்மா இருக்கற ஜாக்ல ஒரு சாதா கிடார் வயரை மாட்டி அதே மாதிரி தொடு (பேட்டரிக்கு மட்டும்தான் கிடார் வயர், வாசிக்க இல்ல). நாலு கோனும் ஒரே பக்கம் போகுதான்னு கிரில்லுக்குள்ள டார்ச் அடிச்சுப் பாரு. மூணு வெளிய வந்து ஒண்ணு உள்ள போனா, யாரோ ஒரு டிரைவரை மாத்தும்போது திருப்பி மாட்டியிருக்காங்க. அப்ப அந்த 410 தனியா இருந்தாலே லோ 6 டெசிபெல் குறையும், "பத்து இஞ்ச்னா இப்படித்தான்"னு நினைச்சு விட்டுடுவோம். ட்வீட்டர் (மேல் சத்தத்துக்கான குட்டி ஸ்பீக்கர்) பத்தி பயப்படாத, முன்னாடி கெப்பாசிட்டர் இருக்கும், டிசி போகாது.

கேப் ரெண்டும் சரின்னா வயர். ஸ்பீக்கான் பின்பக்கத்தைத் திருகிக் கழட்டினா உள்ள 1+ 1− 2+ 2−ன்னு அச்சடிச்சிருக்கும். மீட்டரை பீப்ல வெச்சு, ஜாக்கோட டிப் 1+ கூட பீப் அடிக்கணும், ஸ்லீவ் 1− கூட. மாறியிருந்தா சோல்டரே வேணாம், ஸ்பீக்கான் பக்கம் ஸ்க்ரூ மாடலா இருந்தா ரெண்டு வயரையும் எடம் மாத்தி முடுக்கினா போதும்.

பழைய கை:
ஒரு வயர் மாறினதுக்கு இவ்ளோ பெரிய பாடம். போலாரிட்டி சரி பண்ணினாலும் 115-ம் 410-ம் ஒழுங்கா சேராது. 115 பாக்ஸை 40 ஹெர்ட்ஸ்ல ட்யூன் பண்ணி, 410-ஐ 60-ல ட்யூன் பண்ணியிருந்தா, நடுவுல ரெண்டும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். 15 லோவுக்கு, 10 பஞ்சுக்குன்னு கடைக்காரன் சொன்னதை நம்பி வாங்கறது. ரெண்டு 410 ஒரே மாடல்ல வாங்கு, இல்ல ஒண்ணோட நிறுத்து.

வியாசர்பாடி வூஃபர்:
15 இஞ்ச்ல லோ அதிகம்ங்கறது காதால கேட்டதுதானே? மேடையில நின்னா நெஞ்சுல படுது. 410-ல அது வராது.

பழைய கை:
படும், உனக்கு அந்த பாக்ஸ் அப்படி. கோன் சைஸ் மட்டும் லோவைத் தீர்மானிக்காது. பத்து இஞ்ச் கோன் ஒண்ணு ஏறக்குறைய 350 சதுர செ.மீ., நாலு சேர்ந்தா 1400. பதினஞ்சு இஞ்ச் ஒண்ணு 850 சொச்சம். காத்தை அதிகம் தள்றது எதுன்னு நீயே கணக்குப் போடு. பாக்ஸ் கொள்ளளவு, போர்ட் ட்யூனிங், கோன் எவ்ளோ தூரம் போய்வரும், இதுதான் லோ. ஆம்பெக்கோட 8 பத்து இஞ்ச் கேப் 1969-லேர்ந்து மேடையில நிக்குது, அதுல 15 எங்க இருக்கு?

வியாசர்பாடி வூஃபர்:
அது மூடின பாக்ஸ், லோ சீக்கிரமே மெல்ல இறங்க ஆரம்பிச்சுடும். ஐஞ்சு தந்தில லோ பி 31 ஹெர்ட்ஸ் அதுல அடிச்சுக் கேளுங்க, அப்புறம் பேசலாம்.

பழைய கை:
31 ஹெர்ட்ஸ் உன் 15-லயும் வரல. நீ கேக்கறது 62, அதோட ரெண்டாவது ஹார்மோனிக்.

ஓம் சக்தி:
ரெண்டு பேரும் வேற இழை திறங்க. தம்பிக்கு தேவையான விஷயம் ஒண்ணு விட்டுப்போச்சு. ரெண்டும் 8 ஓம்னா பவர் சரிபாதியா பிரியும். 500-ல 115-க்கு 250, அது முழுக்க ஒரே டிரைவருக்கு. 410-ல ஒரு டிரைவருக்கு 62 சொச்சம். அதனால முதல்ல திணறறது 115 தான். அந்த 15 எவ்ளோ வாட் தாங்கும்னு பாத்து, அது புரளற மாதிரி சத்தம் கேட்டா உடனே மாஸ்டரைக் குறை, இல்ல ஈக்வலைசர்ல லோவை இறக்கு.

காசிமேடு காத்து:
வயரைப் பிரிக்கும்போதே இதையும் பாரு: உள்ள ரெண்டு தடிமனான கம்பி இருக்கா, இல்ல நடுவுல மெல்லிசா ஒரு கம்பி, சுத்தி வலை மாதிரி பின்னல் இருக்கா? பின்னல் இருந்தா அது கிடார் வயர், தூக்கிப் போடு. 500 வாட் 4 ஓம்ல மொத்தம் 11 ஆம்பியர் ஓடும், கேபுக்கு ஐஞ்சரை. குறைஞ்சது 1.5 சதுர மி.மீ. ரெண்டு கோர், நீளம் ஒரு மீட்டர் போதும். இன்னொண்ணு, சில கிளாஸ்-டி ஹெட்டுல ஸ்பீக்கர் அவுட்ல ஸ்லீவும் லைவ், கிரவுண்ட் கிடையாது. உலோக மூடி போட்ட ஜாக் ஹெட் பாடியில உரசினா ஷார்ட். அதனால பிளாஸ்டிக் மூடி ஜாக் போடு, ஆன்ல இருக்கும்போது பிடுங்காத.

கொருக்குப்பேட்டை கரண்ட்:
ஞாயிறு ஜெனரேட்டர்ல ஓட்டுவாங்கன்னா வோல்டேஜை மீட்டர்ல பாத்துட்டு மாட்டுங்க. இதையாவது கேளுங்க.

எருக்கஞ்சேரி எஞ்சின்:
இது சரியான பேச்சு, கேளு. ஞாயித்துக்குள்ள வயர் தயாராகலன்னா ஒரே கேப் போட்டுட்டு, ஹெட்டோட டிஐ அவுட்டை (மிக்சருக்குன்னே இருக்கற அவுட்) மிக்சருக்குக் குடுத்துடு, லோவை பிஏ (மைக்செட் ஸ்பீக்கருங்க) பாத்துக்கும். ஸ்பீக்கர் அவுட்டை மிக்சருக்குக் குடுத்துடாத. மிக்சர்ல உம்முனு வந்தா டிஐ-ல கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைப் போடு. பிளக்குல எர்த் பின்னை மட்டும் உடைக்காத, மைக்செட்காரர் சொன்னாலும் சரி.

வண்ணை பேஸ்:
மீட்டர்ல 410 6.1, 115 5.8. பேட்டரிக்கு ரெண்டு கேபும் வெளிய. வயர்ல டிப்புக்கும் 1−க்கும் பீப். மாத்தி முடுக்கிட்டேன், பக்கத்து வீட்டு ஜன்னல் அதிருது. கம்பி தடிமன்தான். நன்றிண்ணா எல்லாருக்கும்.

பழைய கை:
முதல் பதிவுலயே வயரைச் சொல்லியிருந்தா ரெண்டு பதில்ல முடிஞ்சிருக்கும்.

வியாசர்பாடி வூஃபர்:
வண்ணை, 115-ஐ விக்கற ஐடியா இருக்கா? இருந்தா நான் எடுத்துக்கறேன், பழைய கை அண்ணனுக்குத் தெரியாம.

காசிமேடு காத்து:
வாங்கறதுக்கு முன்னாடி டிரைவரைக் கழட்டிப் பாத்து வாங்கு. நம்ம பக்கம் உப்புக்காத்துல கூடையோட (டிரைவரோட உலோகச் சட்டம்) பின்பக்கம் துருவும், ஸ்பேட் லக்ல (வயர் மாட்டற தகடு) பச்சையும் பிடிச்சிருக்கும், லக் தளர்ந்து விட்டு விட்டு கேக்கும். கோனை ரெண்டு கையாலயும் சமமா மெதுவா அமுக்கு, உள்ள உராயற சத்தம் வந்தா காயில் தேய்ஞ்சிருக்கு, விலையில ரீகோன் (கோனும் காயிலும் மாத்தறது) செலவைக் கழிச்சுக்கோ. சரவுண்ட் (கோன் ஓரத்து வளையம்) ஃபோமா இருந்தா விரலால தொட்டுப் பாரு, பொடியா உதிர்ந்தா வேணாம். அப்புறம் லோ ஈ, ஜி, ஏ ஒவ்வொண்ணா மெதுவா வாசிச்சு பாக்ஸ் எங்கயாவது கிறுகிறுன்னு அதிருதான்னு கேளு, பாதி நேரம் கைப்பிடி ஸ்க்ரூதான்.

வியாசர்பாடி வூஃபர்:
சரிண்ணா. வண்ணை, விலை இங்கயே போடு, "இன்பாக்ஸ் வாங்க"ன்னு மட்டும் போடாத.