பொருள்: [கலைச்சொல்] வேற்றினப் பின்னங்களைக் கூட்டும் முன் செய்வதற்கு ஒரு பெயர்

ஈரோட்டிலிருந்து:
வணக்கம். ஆறாம் வகுப்புக் கணக்குச் செயலி ஒன்றைத் தமிழாக்குகிறேன், வெள்ளிக்கிழமைக்குள் ஏற்றியாக வேண்டும். திரையில் 5/12 + 7/18 என்று வரும். கீழே உள்ள பொத்தானைத் தொட்டால் 15/36 + 14/36 என்று மாறும். அந்தப் பொத்தானுக்கு என்ன பெயர் வைப்பது? 'பகுதிகளைச் சமமாக்கு' (பகுதி என்றால் கோட்டுக்குக் கீழே உள்ள எண்) பொத்தானுக்குள் அடங்கவில்லை, அடுத்த பக்கத்தில் 'சமான பின்னம்' (1/2, 2/4 போல ஒரே மதிப்புள்ளவை) வேறு வருகிறது, பிள்ளைகள் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள். 'மீ.சி.ம எடு' (மீச்சிறு பொது மடங்கு, இங்கே 36) போதுமா?

மதுரையிலிருந்து:
முதலில் 'பின்னம்' என்பதே வடசொல். உடைந்தது என்று பொருள், கோயிலில் மூக்குடைந்த சிலையைப் பின்னமான சிலை என்கிறோமே அதுதான். பின்ன எண்களுக்கு நமக்குக் 'கீழ்வாயிலக்கம்' என்ற சொல் இருந்தது. தொல்காப்பியர் 'அரையென வரூஉம் பால்வரை கிளவி' என்கிறார், ஆக பால் என்றால் பகுப்பு. பகு, பங்கு, பாதி, பால், பகல் எல்லாம் ஒரே வேர். பட்டினப்பாலையில் 'நெடுநுகத்துப் பகல் போல' என்று வருகிறதே, நுகத்தை நடுவில் பகுக்கும் ஆணி அது, நாளைப் பகுப்பதும் பகல். எனவே 'ஒருபாற்படுத்து' என்பதே என் பரிந்துரை.

திருவண்ணாமலையிலிருந்து:
ஐயா, ஆறாம் வகுப்புக் கரும்பலகையில் 'ஒருபால்' என்று எழுதிவிட்டு அந்தப் பீரியடை முடித்துக் காட்டுங்கள், நான் ஒத்துக்கொள்கிறேன். ஏற்கெனவே தொகுதி (கோட்டுக்கு மேலே உள்ள எண்) என்றால் எம்.எல்.ஏ. தொகுதியா என்கிறார்கள். தமிழ் வகுப்பில் பகுதி முன்னால் வரும், விகுதி பின்னால் வரும், என் வகுப்பில் அதே பகுதி கோட்டுக்குக் கீழே போய்விடுகிறது. என் கவலை வேறு. 1/2 + 1/3 = 2/5 என்று எழுதிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருப்பார்கள். அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் அரையைவிடக் குறைந்துவிடுமா என்று கேட்ட பிறகுதான் முழிப்பார்கள். பொத்தானில் இருக்கும் சொல்லே என்ன நடக்கிறது என்று சொல்ல வேண்டும். பாடநூலில் ஓரினம் (ஒரே பகுதி உள்ளவை), வேற்றினம் (வெவ்வேறு பகுதி உள்ளவை) இருக்கிறது, 'ஓரினமாக்கு' என்று போடுங்கள். 'மீ.சி.ம எடு' மட்டும் வேண்டவே வேண்டாம். 12-ஐயும் 18-ஐயும் பெருக்கி 216 என்று எடுத்தாலும் 90/216 + 84/216 = 174/216, சுருக்கினால் அதே 29/36. வேலை கூடும், தப்பில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து:
இங்கே மீ.சி.ம என்றால் ஒருவருக்கும் விளங்காது, எங்கள் பிள்ளைகளுக்கு அது பொ.ம.சி. (பொது மடங்குகளுட் சிறியது). நீங்கள் சமான பின்னம் என்பதை நாங்கள் சமவலுப் பின்னம் என்கிறோம். அதை எடுத்துக்கொண்டால் முதல் மடலில் சொன்ன குழப்பமே வராது, 'பகுதி சமமாக்கு' என்று சுருக்கியும் போடலாம். தமிழ்நாட்டுப் பட்டியலை மட்டும் பார்த்து முடிவெடுத்துவிட்டு, பிறகு 'இலங்கை வழக்கு' என்று அடைப்புக்குறிக்குள் எங்களைப் போடுவதுதான் வழக்கமாகிவிட்டது.

சென்னையிலிருந்து:
சொல் புதிதாகத் தேட வேண்டாம். லீலாவதி என்ற பழைய வடமொழிக் கணக்கு நூலில் 'சமச்சேதம்' இருக்கிறது, சேதம் என்றால் பகுதி. இதே வேலைக்குச் 'சவர்ணனம்' என்றும் பெயர், ஒரே நிறமாக்குவது. 9-ஆம் நூற்றாண்டிலேயே கணித அறிஞர் மகாவீராசாரியார் மீச்சிறு பொது மடங்குக்கு 'நிருத்தம்' என்று பெயர் வைத்துவிட்டார்.

திருவண்ணாமலையிலிருந்து:
சேதம் என்றால் புயல் சேதம். சவர்ணம் என்றால் இன்று என்ன அர்த்தமோ அதை நான் வகுப்பில் விளக்கத் தயாராக இல்லை.

தஞ்சாவூரிலிருந்து:
நம் பழைய கணக்கில் இந்தத் தொல்லையே பெரும்பாலும் கிடையாது. மா என்றால் 1/20, மாகாணி 1/16. இரண்டையும் கூட்ட யாரும் பகுதியைத் தேட மாட்டார்கள், முந்திரிக்கு இறக்குவார்கள். முந்திரி 1/320. மாவுக்கு 16, மாகாணிக்கு 20, ஆக 36 முந்திரி, அதாவது 9 காணி (காணி 1/80). 'முந்திரியாக்கு' என்று வைத்தால் என்ன?

ஈரோட்டிலிருந்து:
320 மூன்றால் வகுபடாதே அண்ணா, 1/3 வந்தால் முந்திரியை உடைக்க வேண்டும். அப்புறம் பிள்ளைகள் பாயசத்தை நினைப்பார்கள்.

சரி, இன்று வெள்ளி. 'ஓரினமாக்கு' என்றே ஏற்றிவிட்டேன். யாழ்ப்பாணத்துக்குத் தனி மொழிக்கோப்பு போட முடியும் என்கிறார்கள், அதில் 'பகுதி சமமாக்கு', பொ.ம.சி., சமவலு மூன்றும் போகும்.

மதுரையிலிருந்து:
என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். வல்லினம், மெல்லினம் என்று எழுத்துக்குச் சொல்வதைப் பின்னத்துக்கு ஏற்றுவது சரியல்ல. ஏற்றியதுதான் ஏற்றினீர்கள், 'ஓரின பின்னம்' என்று ஒற்றில்லாமல் விட்டிருக்கிறீர்கள். ப் மிகும்.

ஈரோட்டிலிருந்து:
அது பாடநூலில் உள்ளபடி.

மதுரையிலிருந்து:
பாடநூலில் தப்பு. தனி இழை தொடங்குகிறேன்.