புதுப்பிப்பு: தனியே விட்டால் குரைக்கும் நாய்

நான் வேலைக்குக் கிளம்பியதும் என் நாய் ஓயாமல் குரைக்கிறது, கீழ்வீட்டு அம்மா புகார் சொல்கிறார் என்று மூன்று வாரங்களுக்கு முன் எழுதியிருந்தேன். குரைத்தால் அதிர்வு தரும் கழுத்துப்பட்டையைச் சிலர் பரிந்துரைத்தீர்கள். வாங்கவில்லை.

பழைய கைபேசியை வைத்துப் படம்பிடித்தேன். எச்சில் ஒழுக அங்குமிங்கும் நடக்கிறது, கதவைப் பிறாண்டுகிறது, பிறகுதான் குரைப்பு. சேட்டை அல்ல, பயம். கால்நடை மருத்துவரும் பிரிவுப் பதற்றம் என்றார். பயந்திருப்பதை மேலும் பயமுறுத்தி என்ன பயன்?

இப்போது சாவியை எடுத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்துவிடுகிறேன். (அக்கா பார்த்துச் சிரிக்கிறாள்.) சாவிச் சத்தத்துக்குப் பதறாமல் இருக்க நாய் பழகியதும், அரை நிமிடம் வெளியே நின்று திரும்பினேன், பிறகு ஒரு நிமிடம், ஐந்து நிமிடம். அது பதறத் தொடங்கும் முன்பே திரும்பிவிட வேண்டும், சூட்சுமம் அதில்தான் இருக்கிறது. இதுவரை 40 நிமிடம் தாங்கியிருக்கிறது. வேலை நாட்களில் இன்னும் அக்கா வீட்டில்தான் விடுகிறேன்.

கீழ்வீட்டு அம்மாவிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். அதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். நேற்று அவரே மாடிப்படியில் நிறுத்தி, "சத்தமே காணோமே, நாய்க்கு உடம்பு சரியில்லையா தம்பி?" என்று கேட்டார்.