ஊடகவியலாளரை நம்பாவிட்டால் அவர் வெளியிட்ட ஆவணமும் பொய்யாகிவிடுமா?

வெள்ளவத்தைக் கௌரி:

உயர்தர வகுப்புக்கு அரசறிவியல் கற்பிக்கிறேன். அரசின் கண்காணிப்பு அதிகாரம் பற்றிப் பேசும்போது, 2013 ஜூன் மாதம் 'கார்டியன்' பத்திரிகையில் க்ளென் க்ரீன்வால்ட் எழுதிய செய்தியை உதாரணமாகச் சொன்னேன். அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான வெரைசன் தன் வாடிக்கையாளர்களின் தொலைபேசி அழைப்பு விபரங்களை நாள்தோறும் அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகவரகத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்று இரகசிய நீதிமன்றம் பிறப்பித்த ஆணையை அந்தச் செய்தி வெளியே கொண்டுவந்தது. அந்த முகவரகத்தில் ஒப்பந்தப் பணியாளராக இருந்த எட்வர்ட் ஸ்னோடன் கொடுத்த ஆவணங்களில் முதலில் வெளியானது அதுதான்.

ஒரு மாணவன் எழுந்து, "ரீச்சர், அந்த ஆளை இப்போது பலர் நம்புவதில்லையே. தானும் சேர்ந்து தொடங்கிய 'இன்டர்செப்ட்' தளத்தைவிட்டு 2020இல் சண்டை பிடித்துக்கொண்டு வெளியேறியவர். ஆவணம் கொடுத்தவரோ ரஷ்யக் குடியுரிமை பெற்று அங்கேயே இருக்கிறார். இவர்கள் சொன்னதை நாங்கள் ஏன் படிக்க வேண்டும்?" என்று கேட்டான். விதண்டாவாதம் செய்கிற பிள்ளையல்ல. உண்மையிலேயே அறிய விரும்பித்தான் கேட்டான். மணி அடித்துவிட்டது, அடுத்த வகுப்பில் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். அவனுக்கு நேர்மையான பதில் சொல்ல வேண்டும். என்ன சொல்வீர்கள்?

கொச்சிக்கடை அன்ரனி:

தங்கச்சி, அந்தப் பிள்ளை கேட்டதில் நியாயம் இருக்கிறது. நாட்டின் இரகசியத்தை எடுத்துக்கொண்டு ஓடியவனையும், அதை எழுதிப் பேர் எடுத்தவரையும் வீரர்களாகப் பாடம் நடத்துவது எனக்கு உடன்பாடில்லை. 2019 உயிர்த்த ஞாயிறு அன்று எங்கள் அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்தபோது நான் இரண்டு தெரு தள்ளி இருந்தேன். தெரிந்த முகங்களைப் பெட்டியில் பார்த்தேன். அன்றிலிருந்து சொல்கிறேன்: என் தொலைபேசி விபரம் முழுவதையும் அரசாங்கம் எடுத்துக்கொள்ளட்டும். ஒளிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. அதனால் ஓர் உயிராவது தப்புமென்றால் எனக்குப் போதும்.

கோபுரத் தொழிலாளி:

கைபேசிக் கோபுரங்களைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறேன். 'அழைப்பு விபரம்தானே, பேச்சைக் கேட்கவில்லையே' என்று பலர் லேசாக எடுத்துக்கொள்வதால் ஒன்று சொல்ல விரும்புகிறேன். ஒரு பதிவில் இருப்பது யார் யாருக்கு எடுத்தார், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், கைபேசி எந்தக் கோபுரத்தைப் பிடித்திருந்தது என்பவைதான். ஆனால் ஒருவர் இரவு பத்து மணிக்குப் புற்றுநோய் வைத்தியருக்கு எடுக்கிறார், உடனே தமக்கைக்கு எடுத்து ஒரு மணித்தியாலம் பேசுகிறார், மறுநாள் காலையில் புற்றுநோய் மருத்துவமனை இருக்கும் மஹரகம பக்கக் கோபுரத்தில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சொல்லைக்கூடக் கேட்காமலே எல்லாம் விளங்கிவிடுகிறது. ஊடகவியலாளருக்குச் செய்தி கொடுப்பவரையும் இதே வழியில் கண்டுபிடிக்கலாம்.

பழைய ஒப்புநோக்காளர்:

கௌரி பிள்ளை, கொழும்பில் ஒரு தமிழ் நாளேட்டில் இரவுப் பணியில் ஒப்புநோக்கிக் கழித்தவன் நான். போர்க்காலத்தில் ஒரு செய்தி வந்தால் வெளியே எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, "இவன் யாருடைய ஆள்?" என்பதுதான். எங்கள் செய்தி ஆசிரியர் அதைக் கேட்கவே மாட்டார். தாளை விளக்குக்குக் கீழே இழுத்து, இடம், நேரம், பெயர் என்று பென்சிலால் கோடிட்டு, "இதை வேறு யார் சொல்கிறார்கள்? மறுக்க வேண்டியவன் மறுத்துவிட்டானா?" என்பார். உங்கள் மாணவனுக்கு நான் கொடுக்கக்கூடியது அந்தப் பென்சில்தான்.

அதை வைத்தே க்ரீன்வால்டின் செய்தியைப் பாருங்கள். ஆணை 2013 ஏப்ரல் 25ஆம் திகதியிட்டது, நீதிபதி ரொஜர் வின்சன் கையொப்பமிட்டது. போலி என்று அமெரிக்க அரசாங்கம் சொல்லவில்லை. அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர், மார்ச் 12ஆம் திகதி, மில்லியன்கணக்கான அமெரிக்கர்களைப் பற்றி ஏதாவது தரவு திரட்டுகிறீர்களா என்று செனட்டர் ரொன் வைடன் நேருக்கு நேர் கேட்டபோது, "இல்லை ஐயா" என்று பதில் சொன்னவர் தேசியப் புலனாய்வுப் பணிப்பாளர் ஜேம்ஸ் கிளாப்பர். ஆணை வெளியான பிறகு, தன் பதில் தவறானது என்று செனட் குழுவுக்கு எழுதிக் கொடுத்தவரும் அவரே. 2015 மே மாதம் கூட்டாட்சி மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, இந்தத் திரட்டலுக்குச் சட்டம் இடம் கொடுக்கவில்லை என்று தீர்ப்பளித்தது. 2020 செப்டெம்பரில் இன்னொரு மேன்முறையீட்டு நீதிமன்றமும் சட்டவிரோதம் என்றது. இவை எதற்கும் க்ரீன்வால்ட் நல்லவராக இருக்க வேண்டிய அவசியமில்லை. நாளைக்கே அவர் வாயைத் திறந்தால் பொய் என்று ஆனாலும் அந்தத் தீர்ப்புகள் நிற்கும்.

அதே பென்சிலை அவர் பக்கமும் திருப்பத்தான் வேண்டும். 2013 ஒக்டோபரில் ஸ்பானியப் பத்திரிகை ஒன்றில் அவரும் சேர்ந்து எழுதிய செய்தி, ஒரு மாதத்தில் 6 கோடிக்கு மேற்பட்ட ஸ்பானிய அழைப்புகளை அமெரிக்கா உளவு பார்த்தது என்றது. முகவரகத்தின் உள் ஆவணத்தில் இருந்த ஒரு புள்ளிவிபர வரைபடத்தை வைத்துச் சொன்ன கணக்கு அது. அந்தத் தரவின் பெரும்பகுதி ஐரோப்பியப் புலனாய்வு அமைப்புகளே திரட்டித் தந்தது என்றும், ஐரோப்பியக் குடிமக்களைக் குறிவைத்தது அல்ல என்றும் முகவரகத்தின் தலைவர் கீத் அலெக்சாண்டர் சாட்சியம் அளித்தார். இங்கே வரைபடம் மெய், அதை வாசித்த விதம்தான் தகராறு. கூகுள் போன்ற இணைய நிறுவனங்களின் கணினிகளுக்குள் முகவரகம் நேரடியாகப் புகுந்து எடுக்கிறார்கள் என்று பிரிசம் திட்டம் பற்றி முதலில் வந்த செய்தியும் இப்படித்தான். நிறுவனங்கள் மறுத்தன, அதே கதையை வெளியிட்ட 'வாஷிங்டன் போஸ்ட்' தன் வாசகத்தைத் திருத்திக்கொண்டது. ஓர் ஊடகவியலாளரின் நம்பகத்தன்மையைச் சோதிக்க வேண்டிய இடம் இதுதான். எந்தத் தொலைக்காட்சிக்குப் போகிறார், யாரோடு கோபித்துக்கொண்டார் என்பவற்றால் அந்த வரைபடத்தின் பொருள் மாறாது.

எனக்கு இதில் ஏன் இவ்வளவு சூடு என்றால், 'இவன் யாருடைய ஆள்' என்ற கேள்வி எங்கே கொண்டுபோய் விடும் என்று இந்த நகரத்தில் பார்த்திருக்கிறேன். தராக்கி என்ற பெயரில் பத்தி எழுதிய ஊடகவியலாளர் தர்மரத்தினம் சிவராம் முன்பு ஓர் ஆயுத இயக்கத்தில் இருந்தவர். அதைச் சொல்லியே அவர் எழுத்தைத் தள்ளியவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் பலர் அந்தப் பத்தியை மறைத்து வைத்தாவது படித்தார்கள், படை நகர்வு பற்றி அவர் எழுதியதைச் சரிபார்க்க முடிந்ததால். 2005 ஏப்ரல் 28 இரவு பம்பலப்பிட்டியில் அவரை வாகனத்தில் இழுத்துப் போனார்கள். மறுநாள் பாராளுமன்றத்துக்கு அருகே உடல் கிடந்தது. ஊடகவியலாளர் ஜே. எஸ். திசைநாயகத்துக்கு 2009 ஓகஸ்டில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் 20 வருடக் கடூழியச் சிறை விதித்தார்கள், எழுதியதற்காக. அடுத்த வருடம் மன்னிப்பு வந்தது. முதலில் ஆளின் மேல் சந்தேகத்தைப் பூசுகிறார்கள். பூசி முடிந்த பிறகு, அவருக்கு என்ன நடந்தாலும் 'அவன் அப்படிப்பட்டவன்தானே' என்று சொல்ல ஊர் ஆயத்தமாகிவிடுகிறது.

அன்ரனி தம்பி, உங்கள் துயரத்தோடு வாதாட எனக்கு வாய் வராது. ஆனால் அந்த ஏப்ரலில் இல்லாமல் போனது தகவலா? 2019 ஏப்ரல் 4ஆம் திகதியே இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்திருந்தது. வந்த எச்சரிக்கையின்மேல் செயற்படாததற்காகத்தான், 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம், முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. உங்கள் தொலைபேசி விபரம் முழுவதும் அவர்கள் கையில் இருந்திருந்தாலும் அந்தக் கடிதம் மேசையில்தான் கிடந்திருக்கும். அமெரிக்காவிலும் அரசாங்கத்தின் சொந்த மேற்பார்வைச் சபையே 2014 ஜனவரியில் ஆராய்ந்துவிட்டு, அழைப்பு விபரத் திரட்டல் தங்கள் நாட்டுக்கு எதிரான எந்தப் பயங்கரவாத விசாரணையின் முடிவையும் மாற்றியதற்கு ஓர் உதாரணமும் கிடைக்கவில்லை என்றது.

'ஒளிக்க ஒன்றும் இல்லை' என்பதையும் வெள்ளவத்தைத் தமிழர்களிடம் கேட்டுப் பாருங்கள். போர்க்காலத்தில், சிங்களத்தில் அச்சிட்ட படிவத்தில் வீட்டிலுள்ள ஒவ்வொருவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், சொந்த ஊர், கொழும்பில் தங்கக் காரணம் என்று நிரப்பிப் பொலிஸில் கொடுத்தோம். ஒளிக்க எங்களிடமும் எதுவும் இருக்கவில்லை. 2007 ஜூன் 7 விடியற்காலையில் லொட்ஜுகளில் இருந்த 376 தமிழர்களை எழுப்பிப் பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம்தான் தடுத்து நிறுத்தியது.

கொச்சிக்கடை அன்ரனி:

ஐயா, எச்சரிக்கை வந்தும் விட்டார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு எரிகிறது. அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஸ்னோடன் விடயத்தில் என் எண்ணம் மாறவில்லை. அப்பாவி உளவாளி ஒருவனின் உயிருக்கு ஆபத்து வரலாம் என்று தெரிந்தும் அவ்வளவு ஆவணங்களை அள்ளிக்கொண்டு போனது சரியல்ல. அதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள் தங்கச்சி.

வெள்ளவத்தைக் கௌரி:

கட்டாயம் சொல்வேன் அண்ணா. அந்தக் கேள்விக்கு வகுப்பில் தனியாக ஒரு பாடவேளை ஒதுக்குகிறேன். அதற்கு முன்னர் வெரைசன் ஆணையையும் ஸ்பானியச் செய்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது ஆவணம், எது எழுதியவரின் வாசிப்பு என்று பிள்ளைகளையே கோடிடச் சொல்லப் போகிறேன். அந்த மாணவனைத்தான் முதலில் கரும்பலகைக்கு அழைப்பேன். ஆணையின் தமிழாக்கம் யாரிடமாவது இருக்கிறதா?

பழைய ஒப்புநோக்காளர்:

சில பக்கங்கள்தான் பிள்ளை. மொழிபெயர்த்து இங்கே போடுகிறேன். கோபுரத் தம்பி அந்தத் தொழில்நுட்பச் சொற்களை ஒருமுறை பார்த்துத் தந்தால் நல்லது.