ஹீட்டர் லோடு மட்டும் போதுமா? பெட்ரோல் / எல்.பி.ஜி. ஜெனரேட்டர் சோதனை

ஆயில்கேன்
பெட்ரோலிலும் கேஸிலும் (எல்.பி.ஜி.) ஓடும் இரு எரிபொருள் ஜெனரேட்டரைச் சோதிக்க ஹீட்டரே போதும். பம்ப், மோட்டார் என்று இழுத்து வருவது வீண் வேலை. எரிபொருளை மாற்றினால் மாறுவது இன்ஜினின் சக்திதான். எரிவது பெட்ரோலா கேஸா என்று, மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டருக்குத் தெரியவா போகிறது? எல்.பி.ஜி. ஆவியாகவே நுழைவதால் கலவையில் சுமார் 4% இடத்தைக் காற்றிடமிருந்து பிடுங்கிக்கொள்கிறது. பெட்ரோல் ஆவியாகும்போது கிடைக்கும் குளிர்ச்சியும் இல்லை. எல்லாம் சேர்ந்து சக்தி ஏறக்குறைய 10% குறையும். இயற்கை எரிவாயு 9.5% இடம் எடுக்கும், இழப்பு இன்னும் கூடும். 500 வாட் படிகளாக ஹீட்டரை ஏற்றி, எந்தப் படியில் மின்சாரத்தின் அதிர்வெண் (இயல்பாக 50 ஹெர்ட்ஸ்) 48 ஹெர்ட்ஸுக்குக் கீழே விழுகிறது என்று குறித்தால் வேலை முடிந்தது.

ரெண்டுபோல்
> ஆல்டர்னேட்டருக்குத் தெரியவா போகிறது?

நிலையான லோடில் தெரியாது. மோட்டாரைப் போட்ட அந்த அரை நொடியில் நன்றாகவே தெரியும். 6 ஆம்பியரில் ஓடும் 1 ஹெச்.பி. பம்ப், ஸ்டார்ட்டில் 30 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 3 கிலோவாட் ஹீட்டரை அலட்டாமல் சுமக்கும் மெஷின் இதில் உறுமிவிட்டு நின்றுபோகலாம்.

ஆயில்கேன்
அந்த 30 ஆம்பியரில் பாதிக்கு மேல் ரியாக்டிவ், அதாவது வேலை செய்யாமல் போய்வரும் கரண்ட். பவர் ஃபேக்டர் (நிஜமாக வேலை செய்யும் பங்கு) தரைமட்டம். வோல்டேஜைத் தாங்குவது எக்சைட்டேஷன் (ஆல்டர்னேட்டரின் காந்தப்புலத்தை ஊட்டும் கரண்ட்) பொறுப்பு, இன்ஜின் பொறுப்பு இல்லை. அப்புறம் எரிபொருள் எங்கே வந்தது?

ரெண்டுபோல்
நீங்கள் சொல்வது மூன்று ஃபேஸ் மோட்டாருக்குச் சரி. கப்பாசிட்டர் உதவியோடு ஸ்டார்ட் ஆகும் சிங்கிள் ஃபேஸ் மோட்டாரில் பவர் ஃபேக்டர் அவ்வளவு கீழே இறங்காது, நிஜ வாட்டும் இன்ஜின் மேல் விழும். வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னர் த்ராட்டிலைத் திறக்கும்போது பெட்ரோல் ஜெட் வாயிலேயே தயாராக இருக்கிறது. கேஸில் அப்படி இல்லை: உறிஞ்சுதல் கூடி, ரெகுலேட்டர் டயாஃபிரம் அசைந்து, ஹோஸ் வழியாகக் கேஸ் வந்து சேர வேண்டும். அதற்குள் கலவை மெலிந்து வேகம் சரிகிறது. பல ஏ.வி.ஆர்.கள் (வோல்டேஜைத் தானாகச் சீராக்கும் கருவிகள்) சுமார் 47 ஹெர்ட்ஸுக்குக் கீழே போனதும் இன்ஜினைக் காப்பாற்ற வோல்டேஜையும் இறக்கிவிடும். மோட்டாரின் டார்க் (சுழற்றும் விசை) வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது, அங்கேதான் மாட்டிக்கொள்கிறது. ரெகுலேட்டருக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே ஹோஸ் நீளமாகவும் மெல்லியதாகவும் இருந்தால் இன்னும் மோசம்.

மில்லியாம்ப்
ரெண்டு பேருக்கும் நடுவில் நுழைகிறேன். ஹீட்டர் சோதனையிலேயே ஓட்டை இருக்கிறது. 230 வோல்ட்டில் 2000 வாட் எடுக்கும் ஹீட்டர் 210 வோல்ட்டில் 1667 வாட்தான் எடுக்கும். வோல்டேஜ் சரிந்தால் லோடும் தானாகக் குறைந்து, மெஷின் தாங்குவதுபோல் தெரியும். லேபிளைக் கூட்டாதீர்கள், அலைவடிவம் கெட்டிருந்தாலும் சரியாக அளக்கும் ட்ரூ ஆர்.எம்.எஸ். மீட்டரில் வாட்டைப் படியுங்கள்.

இரண்டாவது, நேரம். 2.5 கிலோவாட்டுக்கு மணிக்குச் சுமார் ஒரு கிலோ கேஸ் போகும். பாதி காலியான சின்ன கேஸ் சிலிண்டர் அந்த வேகத்தில் ஆவியாக்கத் திணறி, வெளியே பனி படிந்து, அழுத்தம் விழும். பியூட்டேன் கூடுதலான கேஸ் குளிரில் சீக்கிரமே கைவிடும். அதன் கொதிநிலையே -0.5 டிகிரிதான், புரொப்பேனுக்கு -42. பத்து நிமிடச் சோதனையில் இது தெரியவே தெரியாது. அரை மணிக்குப் பிறகு தெரிந்தாலும், குற்றம் சிலிண்டருடையது. பழி இன்ஜின் மேல் விழும்.

ஆயில்கேன்
வோல்டேஜ் விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன், கவனிக்கவில்லை. செலவை எப்படி ஒப்பிடுவீர்கள்? லிட்டரிலா?

மில்லியாம்ப்
லிட்டரில் கேஸ் தோற்கும், கிலோவில் ஜெயிக்கும், இரண்டும் ஏமாற்று. தராசில் வைத்து எடைக்குறைவைப் பார்த்து, மெகாஜூலுக்கு மாற்றுங்கள்: பெட்ரோல் லிட்டருக்குச் சுமார் 32, எல்.பி.ஜி. கிலோவுக்குச் சுமார் 46. 'பெட்ரோல்' என்றால் எது என்றும் எழுதுங்கள். 20% எத்தனால் கலந்ததில் லிட்டருக்கு 7% அளவு ஆற்றல் குறைவு. நிலையான ஜெட் கார்புரேட்டரில் கலவை மெலிந்து வேகம் ஏறி இறங்கும்.

ரெண்டுபோல்
மோட்டார் சோதனைக்கு முறை இது. இருபது நிமிடம் சூடாகட்டும். பெட்ரோலிலிருந்து கேஸுக்கு மாறும்போது டேப்பை மூடி மிதவைக் கிண்ணம் காலியாகும்வரை ஓட்டுங்கள், இல்லாவிட்டால் இரண்டும் கலந்து கறுப்புப் புகைதான். பாதி ஹீட்டர் லோடு இருக்கும்போது மோட்டாரைப் போடுங்கள், எரிபொருளுக்கு ஐந்து முறை, நடுவே ஆற விட்டு. குறைந்தபட்ச வோல்டேஜ், குறைந்தபட்ச ஹெர்ட்ஸ், பழைய நிலைக்குத் திரும்ப ஆன நேரம், மூன்றையும் எழுதுங்கள். மூன்று நொடியில் சுழலாவிட்டால் ஆஃப், இல்லையேல் ஸ்டார்ட்டிங் வைண்டிங் கருகும். மெஷின் திறந்தவெளியில், ஜன்னலிலிருந்து 6 மீட்டராவது தள்ளி.

ஆயில்கேன்
செய்யலாம். ஆனால் அந்த முடிவு உங்கள் ரெகுலேட்டருக்கும் ஹோஸுக்கும் மட்டும் செல்லும். மெஷினின் கிலோவாட் என்று எழுத ஹீட்டர் எண்தான் பொருந்தும். மின்னணு சர்க்யூட் வழியாக மின்சாரம் தரும் இன்வெர்ட்டர் வகையில் ஹெர்ட்ஸ் 50-லேயே நிற்கும், உங்கள் மூன்று அளவில் ஒன்று அங்கே செல்லாக்காசு.

மில்லியாம்ப்
அதற்கு இன்ஜின் ஆர்.பி.எம்.மைப் பாருங்கள். பிளக்கில் செருகும் மீட்டர் இங்கே உதவாது, நொடிக்கு ஒருமுறை மாறும் திரை அரை நொடிச் சரிவைத் தவறவிடும். இன்ரஷ் (ஸ்டார்ட் நேர உச்ச கரண்டைப் பிடிக்கும்) வசதியுள்ள கிளாம்ப் மீட்டர் அல்லது ஆசிலோஸ்கோப் வேண்டும்.