ஜீப் ஃபோர்வீல் பெட்டியில ஆயில் ஒழுகுது, நானே பிரிக்கலாமா? அவசரம்

பூம்பாறைப்பையன்
அண்ணனுங்களா, அவசரமா ஒரு உதவி. ஜீப்புல ஃபோர்வீல் பெட்டியில (கியர்பாக்ஸ் பின்னாடி இருந்து முன்சக்கரம், பின்சக்கரம் ரெண்டுக்கும் இழுவையைப் பிரிச்சு அனுப்புற பெட்டி) இருந்து ஆயில் ஒழுகுது. காலையில வண்டி எடுத்தா தரையில உள்ளங்கை அகலத்துக்குத் திட்டு நிக்குது. வத்தலக்குண்டுல ஒரு மெக்கானிக் பாத்தாரு. பெட்டியை இறக்கி, பேரிங், சீல் (ஆயில் கசியாம அடைக்கிற வளையம்) எல்லாம் புதுசா போடணும், 22 ஆயிரம் ஆகும், பத்து நாள் வண்டியை விட்டுட்டுப் போன்னுட்டாரு. இப்ப பூண்டு எடுக்குற நேரம், பத்து நாள் வண்டி இல்லாம ஒண்ணும் நடக்காது. எங்கிட்ட ஸ்பேனர் செட்டு இருக்கு, ஜாக்கி ரெண்டு இருக்கு. டிஃபரன்ஷியல் ஆயில் மாத்தியிருக்கேன், பிரேக் ஷூ போட்டிருக்கேன். நானே பிரிச்சுப் போட்டுரலாமா, இல்ல அவர்கிட்டயே விட்டுரவா? சீக்கிரம் சொல்லுங்க.

காட்ரோடு_டயர்
என்ன வண்டி, எந்த வருசம்னு சொல்லலியே தம்பி. ஜீப்புன்னா நம்ம மலையில நாலு தினுசு ஓடுது. பெட்டியும் ஒண்ணொண்ணுக்கு ஒரு மாதிரி.

கேத்தி_கேரட்
எங்கிருந்து வழியுதுங்க? பின்சக்கரத்தைச் சுத்துற பின் ஷாஃப்ட் வர்ற இடமா, முன்சக்கரத்தைச் சுத்துற முன் ஷாஃப்ட் வர்ற இடமா, அடித்தட்டா, லீவர் கம்பி உள்ள போற ஓட்டையா? பெட்டியில ஒழுகுறதுக்கு அஞ்சாறு இடம் இருக்குங்க. ஒரு படம் போட்டீங்கன்னா பாக்குறவங்களுக்குச் சுலபமா இருக்கும்.

போடிமெட்டு
எதையும் பிரிக்காதீங்க. மொதல்ல பெட்டி மூச்சு விடுற ஓட்டை அடைச்சிருக்கான்னு பாருங்க. ஓடி ஓடிச் சூடானா உள்ள காத்து விரியும். வெளிய போக வழி இல்லன்னா சீல் உதட்டைத் தள்ளிக்கிட்டு ஆயிலோட சேந்து வரும். ஏலத்தோட்டச் சேத்துல ஓடுற வண்டிங்களுக்கு இதான் வியாதி. எத்தனையோ வண்டிக்கு ஒரு கம்பியை விட்டு நோண்டியே நிறுத்தியிருக்கேன்.

பழைய_ஸ்பேனர்
கேக்குறதுக்கு முன்னாடி கொஞ்சம் தெரிஞ்சுக்கிட்டு வரணும் தம்பி. டிஃபரன்ஷியல் ஆயில் மாத்துறதுன்னா ஒரு நட்டு கழட்டி ஒரு நட்டு மாட்டுறது. பெட்டி அப்படி இல்ல. உள்ள ஊசி பேரிங் ஒவ்வொண்ணா உக்காரணும், ஷிம் (இடைவெளியைச் சரி பண்ண வைக்கிற மெல்லிசுத் தகடு) கணக்கு பாக்கணும், லீவர் கம்பியை இழுத்தா ஸ்பிரிங்கும் குண்டும் தெறிச்சு ஓடும், தேடி எடுக்க ஒரு நாள் போகும். சீல் மட்டும் மாத்திட்டு ஆறு மாசத்துல திரும்ப ஒழுகுதுன்னு வந்து நிக்கிறவங்களை 30 வருசமா பாக்குறேன். செஞ்சா முழுசா செய்யணும், இல்லன்னா கை வைக்கக் கூடாது.

காட்ரோடு_டயர்
பெரியவரே, கை வைக்கலாமா வேணாமான்னுதான் பையன் கேக்குறான். இன்னும் வண்டி பேரே தெரியல, அதுக்குள்ள முழுசா பிரிக்கச் சொன்னா எப்படி?

பூம்பாறைப்பையன்
மன்னிக்கணும், அவசரத்துல விட்டுட்டேன். மஹிந்திரா எம்எம் 540, 1994 மாடல், பெஜோ இன்ஜின். அப்பா காலத்துலயே பின்னாடி லோடு பெட்டி வச்சது. அடியில எல்லாம் கருப்பு அப்பிக் கெடக்கு, படத்துல ஒண்ணும் தெரியல. பின்பக்கமா வழியுற மாதிரி இருக்கு. தோட்டத்துல இருந்து ரோட்டுக்கு மூட்டை ஏத்தும், அப்பப்ப வடுகபட்டி சந்தைக்கு இறங்கும்.

தாண்டிக்குடி_மிளகு
தம்பி, மூணு கேள்வி. பெட்டியில ஆயில் அளவு பாத்தீங்களா? கியர்பாக்ஸ்ல பாத்தீங்களா? ஹேண்ட்பிரேக் டிரம் எங்க இருக்கு, பெட்டி பின்னாடியா, பின்சக்கரத்துலயா?

ஏன் கேக்குறேன்னா, இந்த வண்டியில கியர்பாக்ஸும் பெட்டியும் முதுகோட முதுகு ஒட்டினது. நடுவுல இருக்குற தடுப்பு தேஞ்சா கியர்பாக்ஸ் ஆயில் பெட்டிக்குள்ள எறங்கிரும். அப்போ பெட்டி ரொம்பி வழியும். ஒழுகுற பெட்டியில ஆயில் குறையாம, ஒழுகாத கியர்பாக்ஸ்ல குறைஞ்சிருந்தா விசயம் அதான். பெட்டிக்கு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர்தான் பிடிக்கும். அளவு நட்டைக் கழட்டி விரல் விட்டுப் பாருங்க, ஓட்டையோட கீழ் விளிம்பு வரைக்கும் இருக்கணும்.

பூம்பாறைப்பையன்
பாத்தேன்ணே. கியர்பாக்ஸ் சரியா இருக்கு. பெட்டியில விரலுக்கு எட்டல, அரை லிட்டர் ஊத்தினப்பறம்தான் வந்துச்சு. டிரம் பெட்டி பின்னாடிதான். ஹேண்ட்பிரேக் நாலு மாசமாவே பிடிக்கல, கேபிளை இழுத்து வச்சும் பாத்துட்டேன். சக்கரத்துக்குக் கல்லு வச்சுத்தான் நிறுத்துறேன். அது வேற பிரச்சினைன்னு சொல்லாம விட்டுட்டேன்.

தாண்டிக்குடி_மிளகு
வேற பிரச்சினை இல்ல தம்பி, இதே பிரச்சினைதான்! பின் ஷாஃப்ட் சீல் அந்த டிரம்முக்கு ஒட்டினாப்புல இருக்கு. சீல் விட்டா ஆயில் நேரா டிரம்முக்குள்ள போயி பிரேக் ஷூ குடிச்சிரும். நாலு மாசமா பிடிக்கலன்னா நாலு மாசமா ஒழுகியிருக்கு. இப்ப ரொம்பித் தரைக்கு வந்ததாலதான் உங்க கண்ணுல பட்டிருக்கு. கேபிளை எவ்வளவு இழுத்தாலும் எண்ணெய் ஷூ பிடிக்காது.

ஒழுகலை விட எனக்கு இதான் பயமா இருக்கு. பூம்பாறை மேடு நான் பாத்திருக்கேன். மூட்டை ஏத்தி நிக்கிற வண்டிக்குக் கல்லை நம்புறீங்க. மழை பேஞ்சு மண்ணு கொழைஞ்சா கல்லும் சேந்து நகரும். பின்னாடி நின்னு மூட்டை தூக்குறவங்களை நெனச்சுப் பாருங்க. ஷூ மாத்துற வரைக்கும் மேட்டுல நிறுத்தி லோடு ஏத்தாதீங்க.

இப்ப உங்க கேள்விக்கு வர்றேன். ஒழுகுறதால மட்டும் பெட்டியைப் பிரிக்க வேண்டியதில்ல. ஷாஃப்ட்ல ஆட்டம் இருந்தாலோ, ஆயில்ல இரும்பு வந்தாலோதான் பிரிக்கணும். அடிப்பக்கத்தை டீசல் போட்டுத் தேச்சுக் கழுவி, காய விட்டு, முகத்துக்குப் போடுற பவுடரைத் தூவுங்க. அஞ்சு கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்து பாத்தா எங்க இருந்து கசியுதுன்னு பவுடர்ல கோடு விழுந்திருக்கும். அடுத்து பின் ஷாஃப்டைப் பெட்டியோட சேக்குற பின் ஜாயிண்ட்டைக் கழட்டிட்டு, அது மாட்டியிருந்த வட்டத்தட்டை, அதாவது ஃபிளாஞ்சைக் கையால பிடிச்சு மேல கீழ தூக்கிப் பாருங்க. லொடலொடன்னா பேரிங் போச்சு. அசையாம நின்னா சீல் மட்டும் போதும், அதுக்குப் பெட்டியை இறக்கவே வேணாம், வண்டியில இருக்கும்போதே மாத்தலாம். கடைசியா ஆயிலை வெள்ளை வாளியில எறக்கி ஒரு காந்தத்தை உள்ள சுத்துங்க. மை மாதிரி பொடி ஒட்டினா 30 வருசப் பெட்டிக்கு அது சகஜம். துண்டு, செதில் வந்தா அந்த மெக்கானிக் சொன்னது சரி.

ஒண்ணு மறந்துட்டேன், இதை விட்டுராதீங்க: பின் ஜாயிண்ட் கழண்டா ஹேண்ட்பிரேக்கும் நிறுத்தாது, கியர்ல போட்டு வச்சாலும் பின்சக்கரத்தைப் பிடிக்காது. வண்டி சும்மா உருளும். சமதரையில நிறுத்தி நாலு சக்கரத்துக்கும் கட்டை வச்சப்பறம் அடியில போங்க.

போடிமெட்டு
எல்லாம் சரி, ஆனா புது சீல் போட்டாலும் மூச்சு ஓட்டை அடைச்சிருந்தா திரும்ப வரும். அதை யாரும் கண்டுக்க மாட்டேங்கிறீங்க. ஆமா தம்பி, ஃபோர்வீல் எப்பெப்ப போடுவீங்க?

பூம்பாறைப்பையன்
தோட்டத்துல எப்பவும். ரோட்டுல ஏத்தத்துக்குப் போட மாட்டேன். வடுகபட்டிக்கு லோடோட கொடைக்கானல் மலை இறங்கும்போது பெருமாள்மலை தாண்டினதும் போட்டுருவேன், வண்டி பிடிப்பா இறங்கும். அப்பா சொல்லிக் குடுத்தது.

பழைய_ஸ்பேனர்
அங்கதான் பெட்டி செத்துச்சு. தார் ரோட்டுல ஃபோர்வீல் போட்டு மலையடியில காட்ரோடு வரைக்கும் அத்தனை வளைவு இறங்கினா எந்தப் பெட்டி தாங்கும்? முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் உள்ள ஒண்ணாப் பூட்டிக்கும். வளைவுல முன்சக்கரம் பெரிய வட்டம் போகும், பின்சக்கரம் சின்ன வட்டம். சேத்துல சக்கரம் கொஞ்சம் வழுக்கி கணக்கை நேர் பண்ணிக்கும். தார்ல வழுக்காது, அத்தனை முறுக்கும் பல்லுலயும் பேரிங்லயும் ஏறும். லீவரை எடுக்கவே வராம மாட்டிக்கிட்டு நிக்குமே, அனுபவிச்சதில்லையா?

கேத்தி_கேரட்
முறுக்கு ஏறும்ங்கிறது நிஜம்ங்க, இல்லன்னு சொல்லல. ஆனா இந்தப் பெட்டியில ஃபோர்வீல் போடாம லோ (மெதுவா, பலமா இழுக்குற நிலை) விழாது. லோ விழுந்தா வேகம் ரெண்டரை மடங்கு கொறையும், இன்ஜினே வண்டியைப் பிடிச்சுக்கும். ஊட்டியில இருந்து கல்லட்டி வழியா மசினகுடிக்கு 36 கொண்டை ஊசி வளைவு. லோடு ஏத்திக்கிட்டு வெறும் பிரேக்கை மிதிச்சே இறங்கிப் பாருங்க, பாதியில பிரேக் லைனர் கருகுற வாசம் வந்துரும். பெட்டி போனா காசு போகும். பிரேக் போனா ஆளே போயிருவாருங்க.

பழைய_ஸ்பேனர்
அதுக்குத்தான் ரெண்டாவது கியர்னு ஒண்ணு இருக்கு. கல்லட்டியில அத்தனை போர்டு எழுதி வச்சிருக்கான். ஃபோர்வீல் ஹை (சாதா வேக நிலை) போட்டு இறங்கினா இன்ஜின் பிடிப்புல ஒரு லாபமும் இல்ல. தம்பி போடுறது ஹைதான்னு எழுத்துலயே தெரியுது.

கேத்தி_கேரட்
நான் ஹையைச் சொல்லலீங்க, லோவைச் சொல்றேன். மழையில தார் நனைஞ்சிருக்கும்போது நான் லோ போட்டு இறங்கியிருக்கேன், இனியும் இறங்குவேன்.

காட்ரோடு_டயர்
ரெண்டு பேரும் தனியா ஒரு இழை போட்டுப் பேசுங்களேன். பையன் பாவம், பவுடர் தூவினானா இல்லையான்னே தெரியல.

போடிமெட்டு
என்ன ஆயில் ஊத்தினான்னும் யாரும் கேக்கல. 90 கியர் ஆயில்னு கடையில கேட்டா ஜிஎல்-5 ரகத்தை எடுத்துக் குடுத்துருவான். உள்ள பித்தளை வகை வாஷர் இருக்கு, அதுக்கு ஜிஎல்-4 தான் நல்லது.

பழைய_ஸ்பேனர்
சரி, எழுதிடுறேன். தப்பாச் செஞ்சு வண்டியைத் தெருவுல நிறுத்துறதுக்கு, தெரிஞ்சு செய்யட்டும்.

சீல் மட்டும்னா: டிரம், ஃபிளாஞ்ச் கழட்டினதும் ஃபிளாஞ்சுல சீல் உதடு உக்கார்ற இடத்தை நகத்தால தடவிப் பாரு. பள்ளம் தட்டுப்பட்டா எத்தனை புது சீல் போட்டாலும் ஒழுகும். நான் முதல்ல சொன்னேனே, ஆறு மாசத்துல திரும்ப வர்றவங்க, அவங்கள்ல பாதிப் பேர் இதைப் பாக்காதவங்கதான். வேற ஃபிளாஞ்ச் தேடு, இல்ல லேத்துல குடுத்து மெல்லிசா ஒரு வளையம் ஏத்து. திரும்ப மாட்டும்போது பல்லு உள்ள போற இடத்துல கொஞ்சம் பேஸ்ட் தடவு, அது வழியாவும் ஆயில் வெளிய வரும். பின் மூடியைக் கழட்டினா அடியில இருக்குற ஷிம் ஒண்ணையும் தொலைக்காதே. அந்த ஷிம்தான் ஷாஃப்ட் ஆட்டத்தை முடிவு பண்றது, ஒரு இஞ்ச்ல ஆயிரத்துல 4 முதல் 8 பங்கு. பேஸ்ட்டை அப்பி ஷிம்முக்குப் பதிலா நிறுத்திரலாம்னு நெனைக்காதே, ஒரே மாசத்துல பேரிங் போயிரும்.

பெட்டியையே இறக்குற நெலமை வந்தா: கியர்பாக்ஸ்ல இருந்து பிரிச்சு இழுக்கும்போது கியர்பாக்ஸோட மெயின் ஷாஃப்டும் கூடவே பின்னாடி வந்துரும். வந்துச்சுன்னா கியர்பாக்ஸ் உள்ள இருக்குறது எல்லாம் கழண்டு விழும், ஒரு வேலை ரெண்டு வேலை ஆயிரும். கியர்பாக்ஸ் மேல் மூடியைத் திறந்து செகண்ட் கியர் பல்லுக்குப் பின்னாடி ஷாஃப்டைச் சுத்தி ஒரு கம்பியைக் கட்டி முன்பக்கமா இழுத்து வச்சுட்டு அப்புறம் பிரி. தனியாளா இறக்காதே, பெட்டி கனம்.

தாண்டிக்குடி_மிளகு
ரொம்ப நன்றிங்க ஐயா. அந்தக் கம்பி விசயம் எனக்கே புதுசு.

காட்ரோடு_டயர் (5 நாள் கழிச்சு)
தம்பி, என்னாச்சு?

பூம்பாறைப்பையன் (11 நாள் கழிச்சு)
அண்ணே, பெட்டியை இறக்கல. ஷாஃப்ட்ல ஆட்டம் இல்ல, காந்தத்துல வெறும் மைதான் ஒட்டுச்சு. ஃபிளாஞ்சுல நல்ல பள்ளம் இருந்துச்சு. திண்டுக்கல்ல பழசு ஒண்ணு நல்லதா கெடச்சுது, சீலோட சேத்து மாட்டிட்டேன். மூச்சு ஓட்டையும் சேத்தால அடைச்சுதான் கெடந்துச்சு. பின்பக்க ஒழுகல் நின்னுருச்சு. முன்பக்கம் லேசா கசியுது, பூண்டு முடிஞ்சு பாக்குறேன். எல்லாருக்கும் நன்றி. விடியக்காலம் லோடு.

போடிமெட்டு
ஓட்டையைப் பத்தி மொதல்லயே சொன்னேன்.

பழைய_ஸ்பேனர்
முன்பக்கத்தைத் தள்ளிப் போடாதே. அங்கயும் ஃபிளாஞ்சை நகத்தால தடவிப் பாத்துட்டு சீல் போடு.

தாண்டிக்குடி_மிளகு
சந்தோசம் தம்பி. ஹேண்ட்பிரேக் ஷூ மாத்துனீங்களா? பெட்ரோல்ல கழுவிப் போட்டா ரெண்டு நாளைக்குப் பிடிக்கும், சூடானதும் உள்ள குடிச்ச எண்ணெய் திரும்ப மேல வந்துரும். புதுசுதான் போடணும், டிரம்மையும் எமரி போட்டுத் தேச்சுத் துடைக்கணும்.

தாண்டிக்குடி_மிளகு (4 நாள் கழிச்சு)
தம்பி, ஷூ மாத்தியாச்சா? ஒரு வரி போட்டாப் போதும்.